தொட்டிக்குள் இறங்குபவருக்கா, வாயிலில் நிற்பவருக்கா: முதல் பயிற்சி யாருக்கு?

பாலாற்றங்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஆம்பூர்ப் பக்கத்தில் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில் பணியாளர் பிரிவில் இருக்கிறேன். மூன்று மாதங்களுக்கு முன்பு பாதுகாப்புப் பொறுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். முழுநேரப் பாதுகாப்பு அலுவலரை அமர்த்தும் கட்டாயம் எங்கள் அளவிலான ஆலைக்குக் கிடையாது. பழைய தொழிற்சாலைகள் சட்டத்தில் 1000 தொழிலாளர் என்று இருந்த வரம்பு, 2020-ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் ஆபத்தான செயல்முறை கொண்ட ஆலைகளுக்கு 250 என்று இறங்கியிருந்தாலும், எங்களிடம் அதில் பாதிப் பேர்கூட இல்லை. ஆகவே சம்பளப் பட்டியல் போடுகிற நானே தலைக்கவசத்தையும் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

அடுத்த மாதம் கழிவுநீரைச் சமன்படுத்தும் தொட்டியைத் தூர் வார வேண்டும். நாலரை மீட்டர் ஆழம்; ஆள் இறங்குவதற்கு மேலே ஒரே ஒரு வாய். ஒப்பந்ததாரர் எட்டுப் பேரை அனுப்புவார், அவர்களில் ஐந்து பேர் பீகாரிலிருந்தும் மேற்கு வங்கத்திலிருந்தும் வந்தவர்கள். இதுவரை இங்கே நடந்த பயிற்சி இப்படித்தான்: காலையில் அரை மணி நேரம் திரையில் ஆங்கிலப் படங்கள், அவற்றுக்குத் தமிழில் விளக்கம், பதிவேட்டில் கையெழுத்து, பதாகைக்கு முன்னால் ஒரு புகைப்படம். மார்ச் 4, தேசியப் பாதுகாப்பு நாளன்று உறுதிமொழியும் உண்டு. பழைய பதிவேடுகளைப் புரட்டியபோது மூன்று ஆண்டுகளாக ஒரே கையெழுத்தில் எட்டுப் பெயர்கள் இருந்ததைக் கண்டேன். அதை எழுதியவர் யார் என்று நான் கேட்கவில்லை.

அனுபவமுள்ளவர்களிடம் என் கேள்வி இதுதான். அரை நாள் மட்டும் கிடைக்கும் என்றால் இவர்களுக்கு எதைச் சொல்லிக்கொடுப்பீர்கள்?

சுண்ணாம்புக்குழி எழுதியது:

தம்பி, நான் 22 ஆண்டுகள் கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் இருந்தவன். முதலில் அந்தத் தொட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதை நீங்களே தெரிந்துகொள்ளுங்கள். தெரியாமல் பயிற்சி நடத்தினால் அது மறுபடியும் படம் காட்டுவதாகத்தான் முடியும்.

தோலிலிருந்து முடியை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்த்து ஊறவைக்கிறோம். அந்தக் கழிவு கடுங்காரம். அமில, கார அளவைக் காட்டும் பிஎச் (7 என்றால் நடுநிலை) 12-ஐ ஒட்டி நிற்கும். அந்த நிலையில் சல்பைடு தண்ணீருக்குள்ளேயே அடங்கிக் கிடக்கும். அடுத்து வருகிற பிக்கிள் கழிவும் (தோலை அமிலமும் உப்பும் கலந்த நீரில் ஊறவைத்த கழிவு) பதனிடும் குரோம் கழிவும் அமிலத்தன்மை உடையவை. இரண்டும் ஒரே தொட்டியில் கலந்து பிஎச் 9-க்குக் கீழே இறங்கத் தொடங்கிவிட்டால் சல்பைடு ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக மாறி வெளியேறும். பிஎச் 7-க்கு வந்துவிட்டால் கரைந்திருப்பதில் ஏறத்தாழப் பாதி அந்த வடிவத்தில்தான் இருக்கும். காற்றைவிடச் சற்றுக் கனமான வாயு என்பதால் குழியில் தங்கும். சமன்படுத்தும் தொட்டி என்று பெயர் வைத்திருப்பதே இந்த இரண்டையும் கலக்குவதற்காகத்தான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இரண்டாவது, அடியில் இருக்கும் கசடு. மேலே தண்ணீரை வடித்துவிட்டோம், மூடியையும் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டோம், காற்று நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் நினைப்பார்கள். கசடுக்குள் வாயு சிறைப்பட்டிருக்கும். காலால் மிதித்தாலோ மண்வெட்டியால் கிளறினாலோ அது அந்த நொடியே வெளியேறும். ஆகவே இறங்குவதற்கு முன் எடுத்த அளவீடு வேலை தொடங்கிய ஐந்தாவது நிமிடத்துக்குச் செல்லாது. அளவிடும் கருவி வேலை முடியும்வரை இறங்கியவர் சட்டையில், மூக்குக்குப் பக்கத்தில் தொங்க வேண்டும்.

மூன்றாவதை என் கண்ணால் பார்த்தேன். நான் முன்பு இருந்த ஓர் ஆலையில் ஆள் தொட்டிக்குள் இருந்தபோது தோலை டிரம்களில் போட்டுச் சுழற்றும் டிரம் கொட்டகையில் ஒருவர் பிக்கிள் திரவத்தை வடித்துவிட்டார். அவர்மேல் குற்றமில்லை, தொட்டியில் ஆள் இருப்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. வரும் குழாயின் வால்வைக் கையால் மூடியிருந்தோமே தவிரப் பூட்டவில்லை, ஷிப்ட் மாறியபோது வந்தவர் வழக்கம்போலத் திறந்துவிட்டார். நுரை பொங்கியதைக் கண்டு நான் கத்தினேன். உள்ளே இருந்தவர் அப்போது ஏணிக்குப் பக்கத்தில் நின்றதால் ஏறிவிட்டார். தொட்டியின் மறுகோடியில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் சில இரவுகளில் நினைத்துக்கொள்வேன். அந்த ஆண்டும் பயிற்சிப் பதிவேடு குறையில்லாமல்தான் இருந்தது.

அவசரப்பிரிவு எழுதியது:

மருத்துவர் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன். “அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் வெளியே வந்துவிடுங்கள்” என்று பல பயிற்சிகளில் சொல்லித்தருகிறார்கள். பாதி உண்மையான இந்த அறிவுரையே ஆளைக் கொல்லக்கூடியது. ஹைட்ரஜன் சல்பைடை ஒரு பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவுக்கும் கீழேயே நம் மூக்கு கண்டுபிடித்துவிடும் என்பது சரி. ஆனால் 100 பிபிஎம் அளவை எட்டும்போது சில நிமிடங்களிலேயே மோப்ப நரம்பு செயலிழந்துவிடுகிறது. “முதலில் நாறியது, பிறகு சரியாகிவிட்டது” என்று தொழிலாளி சொல்வாரானால் அப்போதுதான் அவர் மிகுந்த ஆபத்தில் இருக்கிறார். 700 பிபிஎம்முக்கு மேல் போனால் ஓரிரு மூச்சிலேயே ஆள் விழுந்துவிடுவார். கயிற்றை அசைக்கவோ கூப்பிடவோ நேரம் இருக்காது. வேலையிடத்துக்குச் சட்டம் வகுத்த வரம்போ எட்டு மணி நேரச் சராசரியாக 10 பிபிஎம், குறுகிய நேரத்துக்கு 15 பிபிஎம் மட்டுமே.

ஆக்சிஜன் குறைவதற்கு நாற்றமே கிடையாது. வெளிக்காற்றில் 20.9 சதவீதம் இருக்கிறது, 19.5-க்குக் கீழே இருந்தால் இறங்கவே கூடாது. துணி முகமூடியும் வாயுவை உறிஞ்சும் வடிகட்டி முகமூடியும் ஆக்சிஜனை உண்டாக்கித் தருவதில்லை என்பதைத் தயவுசெய்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் புரியவையுங்கள். தோளில் சுமக்கும் காற்று உருளையோ வெளியிலிருந்து குழாய் வழியே வரும் காற்றோதான் அங்கே உதவும்.

இனி நீங்கள் கேட்ட அரை நாளுக்கு வருகிறேன். எங்களிடம் கொண்டுவரப்படுபவர்களில் ஒருவர் மட்டும் வருவது அபூர்வம். பெரும்பாலும் இரண்டு பேராகவோ மூன்று பேராகவோ வருவார்கள். முதலில் விழுந்தவர் ஒருவர், அவரைத் தூக்கப் போனவர் ஒருவர், அவ்விருவரையும் பார்த்துப் பதறிக் குதித்தவர் ஒருவர். சில சமயம் அண்ணனும் தம்பியுமாக இருப்பார்கள். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986-இல் வெளியிட்ட எச்சரிக்கையில், இத்தகைய அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்கள் என்று குறிப்பிட்டிருந்தது. ஆகவே எனக்கு அரை நாள் கிடைத்தால் அதில் பெரும்பகுதியை இறங்காமல் மேலே நிற்பவருக்கே தருவேன்.

ராணிப்பேட்டை ஒப்பந்தம் எழுதியது:

கோபப்படாமல் படியுங்கள். நான் இந்த வேலைக்கு ஆள் அனுப்புகிறவன். இங்கே எழுதிய எல்லாமே சரி; ஆனால் எங்களோடு விலை பேசும்போது யாரும் இதைப் பேசுவதில்லை. தொட்டிக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசிவிடுகிறீர்கள். இரண்டு மணி நேரம் ஊதுகாற்று அடிக்க வேண்டும் என்றால் உறிஞ்சு லாரி அதுவரை சும்மா நிற்கும், அதற்கு வாடகை யார் தருவது? மூன்று நாள் வேலையை இரண்டு நாளில் முடித்தால்தான் எனக்கு ஏதாவது மிஞ்சும். வெளியே ஓர் ஆளைச் சும்மா நிற்க வைக்கச் சொல்கிறீர்கள். அந்த ஆளுக்கும் கூலி உண்டு, அதைப் பில்லில் எழுதினால் உங்கள் கணக்குப் பிரிவு அடித்துவிடுகிறது. சென்ற ஆண்டு என் பில்லில் “நிற்பவர் கூலி” என்ற வரிக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்பினார்கள்.

இறங்குபவர் கட்டிக்கொள்ளும் பாதுகாப்பு பெல்ட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் வாங்கிக் கொடுத்தாலும் ஆட்கள் கழற்றிவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டேன். கயிறு காலில் சிக்குகிறதாம். அதோடு, கயிற்றின் மறுமுனையை யாரும் பிடிப்பதில்லையாம், குழாயில் கட்டிவிட்டுப் போய்விடுகிறார்களாம். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

தோழமையுடன் எழுதியது:

ஒப்பந்ததாரர் நண்பர் மனம் திறந்து எழுதியதற்கு நன்றி. தொழிற்சங்கத்தில் இருப்பவன் என்றாலும் அவரோடு சண்டை போட வரவில்லை, ஏனென்றால் அவர் சொன்ன அந்தக் கடைசி வரியைச் சட்டம் பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-ஆம் பிரிவை, போபால் விபத்துக்குப் பின் 1987-இல் வந்த திருத்தத்தோடு சேர்த்துப் படியுங்கள். ஆபத்தான வாயு இருக்கக்கூடிய தொட்டி, குழி, குழாய் போன்ற அடைபட்ட இடத்துக்குள், வாயுவை அகற்ற இயன்ற எல்லா நடவடிக்கைகளையும் எடுத்து முடிக்கும்வரை யாரையும் இறங்கச் சொல்லவும் கூடாது, இறங்க விடவும் கூடாது. அதற்குப் பிறகும் இரண்டில் ஒன்று வேண்டும். தகுதி பெற்ற ஒருவர் தாமே சோதித்துப் பார்த்து எழுத்தில் சான்று தர வேண்டும். இல்லையென்றால் இறங்குபவர் மூச்சுக்கருவி அணிந்து, பெல்ட்டில் கட்டிய கயிற்றின் மறுமுனையை வெளியில் நிற்கும் ஒருவர் கையில் பிடித்திருக்க வேண்டும். இதில் “தாமே சோதித்து”, “கையில் பிடித்து” என்ற இரண்டையும் அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். அலுவலக மேசையில் உட்கார்ந்து நிரப்பிய அனுமதிச்சீட்டும் குழாயில் கட்டிய கயிறும் இந்தப் பிரிவுக்குள் அடங்கமாட்டா. 36-அ பிரிவில், தக்க பாதுகாப்பு அமைப்பு இல்லாமல் 24 வோல்ட்டுக்கு மேற்பட்ட கைவிளக்கை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்றும் இருந்தது. நம்மூர்த் தொட்டிகளில் வீட்டு மின்சாரத்தில் எரியும் குண்டு பல்பு தொங்குவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். பதின்மூன்று சட்டங்களை ஒன்றாக்கிய 2020-ஆம் ஆண்டுத் தொகுப்பு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்து பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்ததால் பிரிவு எண்கள் மாறிவிட்டன, ஆனால் குறைந்த அளவு ஏற்பாடு எது என்பதைக் கண்டுகொள்ள அந்தப் பழைய பிரிவைவிடத் தெளிவான வாசகத்தை நான் படித்ததில்லை.

உங்கள் ஆலையின் கழிப்பறைக் கழிவுத் தொட்டியையும் இதோடு சேர்த்து அதே ஆட்களிடம் கொடுத்துவிடாதீர்கள். கையால் மலம் அள்ளுவோரைப் பணியில் அமர்த்துவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் அத்தகைய தொட்டிக்குள் ஆளை இறக்குவதையே குற்றமாக்கியிருக்கிறது. கழிவுநீர்ப் பாதையிலும் தொட்டியிலும் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. ஒப்பந்ததாரரின் ஆள் என்று சொல்லி ஆலை நிர்வாகம் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து ஆலையில் இரவில் உறங்கிக்கொண்டிருந்த 10 பேர் இறந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். அந்த விபத்துக்குக் காரணம் பயிற்சிக் குறைவு அல்ல. ஆனால் நம் தொட்டிகளுக்குப் பக்கத்தில் வாழ்பவர்களும் உள்ளே இறங்குபவர்களும் யார் என்பதை அது காட்டியது. அவர்களுக்கு ஆங்கிலப் படத்தைக் காட்டித் தமிழில் விளக்குகிறோம்.

கொதிகலன் எழுதியது:

ரசாயன ஆலைகளில் பாதுகாப்புப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். நண்பர்கள் விட்டுவைத்த இடத்திலிருந்து தொடங்குகிறேன்.

பயிற்சிக்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: ஆள் இறங்கித்தான் ஆக வேண்டுமா? கசடை நீர் பீய்ச்சிக் கரைத்து, மேலிருந்தே உறிஞ்சு லாரியால் எடுக்க முடியும் அளவுக்கு எடுத்துவிடுங்கள். பீய்ச்சும்போதும் வாயு கிளம்பும் என்பதால் அப்போது தொட்டி வாயருகே யாரும் குனிந்து நிற்கக் கூடாது. மூலைகளில் மிஞ்சுவதற்கு மட்டும் இறங்கலாம். எட்டுப் பேர் இரண்டு நாள் இறங்கும் வேலை இரண்டு பேர் ஒரு மணி நேரம் இறங்கும் வேலையாகச் சுருங்கினால், அதுவே எந்தப் பயிற்சியையும்விட மேலானது. ஒப்பந்ததாரர் சொன்ன விலைக் கணக்கும் இங்கேதான் தீர வேண்டும். தொட்டிக்கு இவ்வளவு என்று பேசாமல், நாளுக்கு இவ்வளவு, லாரிக்கு இவ்வளவு, காவலுக்கு நிற்பவருக்கு இவ்வளவு என்று ஒப்பந்தத்திலேயே பிரித்து எழுதுங்கள். அவசரப்படுத்துகிற கூலி முறையை வைத்துக்கொண்டு அவசரப்படாதே என்று வகுப்பு எடுப்பது என்னைப் பொறுத்தவரை நேர்மையற்ற காரியம்.

காற்றோட்டத்தில் ஒரு பிழை எல்லா இடத்திலும் நடக்கிறது. ஊதுகாற்றுக் குழாயைத் தொட்டியின் வாயிலேயே வைத்துவிடுகிறார்கள். அது மேல்பகுதிக் காற்றையே சுற்றிச் சுற்றி அடிக்கும். குழாய் அடிவரைக்கும் போக வேண்டும். ஊதுகருவி காற்றை இழுக்கும் பக்கத்தில் ஜெனரேட்டரோ லாரியின் புகைக்குழாயோ இருந்தால் கார்பன் மோனாக்சைடை நீங்களே உள்ளே அனுப்புகிறீர்கள் என்று பொருள். ஆக்சிஜன் குறைகிறது என்று வெல்டிங் உருளையைத் திறந்து ஆக்சிஜனை விடுவோரையும் கண்டிருக்கிறேன். ஆக்சிஜன் மிகுந்த இடத்தில் ஒரு பொறி போதும், உடுத்திய துணியே பற்றிக்கொள்ளும். அளவீட்டை மேல், நடு, அடி என்று மூன்று ஆழத்திலும் எடுங்கள். ஒவ்வோர் ஆழத்திலும் கருவியின் எண் நிலைக்கும்வரை காத்திருங்கள்.

இனி வாயிலில் நிற்பவர். மருத்துவர் சொன்னதுபோல உங்கள் அரை நாள் அவருக்கானது. அவருக்குக் கற்றுத்தர வேண்டியவை குறைவு, பழக்க வேண்டியதுதான் அதிகம். 60, 70 கிலோ எடையில் மணல் மூட்டை ஒன்று தயார்செய்து, அதற்கு உடல் முழுதும் கட்டும் பெல்ட்டை மாட்டித் தொட்டியின் அடியில் வையுங்கள். முக்காலியும், கயிற்றைச் சுற்றி ஆளை மேலே தூக்கும் சுழல் கருவியும் வாயின்மேல் நிற்கட்டும். “விழுந்துவிட்டார்” என்று குரல் கொடுத்துவிட்டு நேரத்தைக் குறியுங்கள். மூச்சு நின்ற மூளைக்கு ஏறத்தாழ நான்கு நிமிடங்கள்தான் உண்டு. அதற்குள் மூட்டை மேலே வர வேண்டும், வருவதற்குள் யாரும் உள்ளே இறங்கியிருக்கக் கூடாது. மொழி தெரியாதவருக்கும் இந்தப் பயிற்சி புரியும்.

பாலாற்றங்கரை எழுதியது:

பத்து நாள் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் நன்றி, மூட்டையைச் செய்து பார்த்தோம். முதல் முறை 11 நிமிடங்கள் ஆயின. முக்காலியின் ஒரு கால் தொட்டி விளிம்பில் உட்காரவில்லை. கயிறு சுழல் கருவியில் மாறிச் சுற்றியிருந்தது. அதைவிடப் பெரிய செய்தி, உள்ளே இருப்பது மணல் என்று தெரிந்தும் மூன்றாவது நிமிடத்தில் ஒருவர் ஏணியில் கால் வைத்துவிட்டார். நான்தான் கையைப் பிடித்து இழுத்தேன். ஏன் இறங்கினீர்கள் என்று கேட்டதற்கு, வெறுமனே நிற்க முடியவில்லை என்றார்.

இரண்டாவது முறை ஏழு நிமிடங்கள். வங்கத்துத் தொழிலாளர்களில் சற்றே தமிழ் பேசுகிற ஒருவர், நான் சொன்னதைத் தம் மொழியில் மற்றவர்களுக்குச் சொன்னார். அவர் எடுத்துக்கொண்ட நேரம் என்னுடையதைவிட அதிகம். இடையில் அவர்கள் கேட்ட கேள்விகளும் அதிகம். மூன்று ஆண்டுப் பதிவேட்டில் ஒரு கேள்விகூடப் பதிவானதில்லை.

சுண்ணாம்புக்குழி எழுதியது:

தம்பி, ஏழு நிமிடத்தில் மகிழ்ந்துவிடாதீர்கள். மூட்டைக்கு ஏற்கெனவே பெல்ட் மாட்டியிருந்தீர்கள், கயிறும் கட்டியிருந்தீர்கள். உண்மையில் வேலை செய்பவர் பெல்ட்டைக் கழற்றியிருந்தால் அந்த ஏழு நிமிடத்தில்கூடத் தூக்க முடியாது. ஒப்பந்ததாரர் சொன்ன காரணத்தைச் சரிசெய்தீர்களா? கயிற்றைக் கையில் பிடிப்பவர் யார் என்று அவர்கள் கண்ணெதிரில் பெயர் சொல்லி நிறுத்துங்கள். அவருக்குத் தேநீர் வாங்கி வரும் வேலையும், குழாயைத் திருகும் வேலையும், தொலைபேசியை எடுக்கும் வேலையும் கொடுக்காதீர்கள். எனக்குத் தெரிந்த வாயில் காவலர்களில் பாதிப் பேர் எடுபிடிகள்தான்.

வால்வுக்குப் பூட்டு வாங்கியாயிற்றா?

பாலாற்றங்கரை எழுதியது:

பூட்டு வாங்கியாயிற்று அண்ணா; மூன்று குழாய்களுக்கு மூன்று. சாவி இறங்குபவர் சட்டைப்பையில் இருக்கும் என்று முடிவு செய்திருக்கிறோம். டிரம் கொட்டகை மேஸ்திரி முதலில் முணுமுணுத்தார். இரண்டு ஷிப்டையும் நிறுத்த வேண்டியிருக்கும் என்பது அவர் கவலை. நிர்வாகத்திடம் பேசி, தூர் வாரும் நாளை வாரவிடுமுறைக்கு மாற்றிவிட்டோம். கூலியை நாள் கணக்கில் எழுதக் கணக்குப் பிரிவு ஒப்புக்கொண்டுவிட்டது. ஆனால் “நிற்பவர் கூலி” என்ற வரிக்குப் பக்கத்தில் இன்னும் அதே கேள்விக்குறி இருக்கிறது. அதற்கு விடையாக 36-ஆம் பிரிவை அச்செடுத்து அந்தக் கோப்பில் இணைத்து அனுப்பியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மூட்டையை மறுபடியும் இறக்குகிறோம். இந்த முறை பெல்ட்டின் கயிற்றை முன்கூட்டியே கட்டிவைக்காமல், இறங்குவதற்கு முன் செய்ய வேண்டிய சரிபார்ப்பிலிருந்தே தொடங்கப்போகிறோம். ஏணியில் கால் வைத்த அந்தத் தோழரே வாயிலில் நிற்பதாகக் கேட்டிருக்கிறார்.

ராணிப்பேட்டை ஒப்பந்தம் எழுதியது:

வெள்ளிக்கிழமை என் ஆட்கள் இரண்டு பேரையும் அனுப்பட்டுமா? கூலி நானே பார்த்துக்கொள்கிறேன். முக்காலியை அவர்கள் இதுவரை தொட்டதில்லை.